ஆறே முக்கால் கொக்கி

எங்கள் சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. அதில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலையில் ‘காலை 6’ என்றும் மற்றதன் தலையில் ‘பகல் 2’ என்றும் வெள்ளைப் பெயின்ரால் எழுதியிருந்தது. ஒவ்வொரு பத்தியிலும் வரிசையாகப் பித்தளைக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒருவருடைய பெயர் எழுதிய தகரத் தகடு. வேலைக்கு வந்ததும் பெயர் தெரியும்படி தகட்டைத் திருப்பிவிட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது மறுபக்கம் திருப்பிவிட வேண்டும். இவ்வளவுதான் எங்கள் வரவுப் பதிவு. இரண்டு பத்திகளுக்கும் நடுவில், தலைப்பே இல்லாத இடத்தில், ஒரேயொரு கொக்கி மட்டும் வேறு மாதிரி இருந்தது. சைக்கிள் சில்லின் கம்பியொன்றை வளைத்துச் செய்தது அது. போன மாதம் விரல் அடையாளம் வைக்கிற மெசின் பூட்ட வந்தவர் அந்தப் பலகையைக் கழற்றினார். பித்தளைக் கொக்கிகளை ஒரு தகரப் பேணிக்குள் போட்டு வைத்துவிட்டு, கறள் பிடித்த அந்தக் கம்பியைக் குப்பைக்குள் எறியப் போனார். நான் போட்ட சத்தத்தில் அவர் ஏணியிலிருந்து விழாதது அவருடைய அதிர்ஷ்டம்.

இருபத்திரண்டு வருடங்களாக அங்கே ஆளணிப் பகுதியில் இருக்கிறேன். ஆளணி உத்தியோகத்தர் என்று கடிதங்களில் போடுவார்கள். பெயர்தான் பெரிது. வேலைக்கு ஆட்களைப் பிடிப்பது, பிடித்தவர்களை ஓடிப்போகாமல் வைத்திருப்பது, யார் எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்று பட்டியல் போடுவது, வராதவர்களோடு சண்டை பிடிப்பது, இவைதான் என் தொழில். கடைசி வேலையை நான் மிகத் திறமையாகச் செய்வேன் என்று ஊரில் பெயர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் கூடம் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு காலத்தில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் விரிப்புகளைத் தோய்த்துக் கொடுத்த இடம். பிறகு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் எழும்ப, அவற்றின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் லொறி லொறியாக வரத் தொடங்கின. காலை பத்து மணிக்கு ஹோட்டல் லொறி வாசலில் வந்து நிற்கும். அதற்குள் முதல் சுமை, விரிப்பைத் தேய்த்துக் காயவைக்கிற சூடு உருளையில் போய், மடித்து, கட்டித் தயாராக இருக்க வேண்டும். எங்கள் பயபக்தி எல்லாம் அந்தப் பத்து மணிக்குத்தான்.

நேர்முகத் தேர்வில் அந்த நாட்களில் நான் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான். “காலமை ஆறு மணிக்கு வர ஏலுமோ?” அந்தக் கேள்விக்கு ஏலாது என்று பதில் சொன்ன ஒரு மனிதரை நான் கண்டதில்லை. எல்லோரும் ஓம். சிலர் கேள்வி முடியுமுன்னமே ஓம். “ஐஞ்சு மணிக்கு வரச் சொன்னாலும் வருவன் மிஸ்” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, நேர அட்டவணையில் ஒப்பமும் வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் கிழமை தொடங்கும் கதை. ஒருவருக்கு மாமியார் கதவு திறந்து விடவில்லை. இன்னொருவருக்குக் காலையில் தலையிடி, அதுவும் திங்கட்கிழமைகளில் மட்டும். ஒரு பிள்ளை மூன்றாம் நாள் என் கதிரைக்கு முன்னால் வந்து நின்று, உண்மையான ஆச்சரியத்தோடு, “ஆறு மணி எண்டா ஒவ்வொரு நாளுமோ மிஸ்?” என்று கேட்டாள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே பார்த்துப் பார்த்து, வேலை தேடி வருகிறவர்கள் எல்லோரும் வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். தம்பலகாமத்து அக்கா வந்தது அந்தக் காலத்தில்தான்.

நாற்பதைத் தாண்டியவர். உயரமான மனுசி. வயலில் நாற்று நட்டும் களை பிடுங்கியும் தடித்துப்போன பெரிய கைகள். நனைந்த விரிப்பு ஒன்றை உதறி மடிக்கச் சொல்லி நான் பரீட்சை வைத்தேன். இரண்டு பேர் பிடித்து மடிக்கிற விரிப்பை அவர் தனியாக, மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து வைத்தார். எனக்கு அந்தக் கணமே ஆளைப் பிடித்துவிட்டது. ஏன் வயலை விட்டு வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டபோது, இரண்டு போகமும் யானை தின்றது போக மிஞ்சியது வீட்டுக்கே போதவில்லை என்றும், மகள் உயர்தரம் படிக்கிறாள் என்றும், இந்த வேலை கிடைக்காவிட்டால் பிள்ளையின் படிப்பை நிற்பாட்ட வேண்டி வரும் என்றும் சொன்னார். அழுது சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். ஆறு மணிக்கு வர ஏலுமோ என்று கேட்டேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். “ஓம்” என்றார்.

முதல் நாள் அவர் வந்தது ஆறு நாற்பத்தைந்துக்கு. முதல் நாள்தானே, வழி தெரியாமல் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் அதே நாற்பத்தைந்து. மூன்றாம் நாள் வாசலிலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறே முக்காலுக்குக் குடையும் சாப்பாட்டுப் பையுமாக, ஒரு அவசரமும் இல்லாமல் வந்து, தகட்டைத் திருப்பினார்.

“நேர்முகத்தில ஆறு மணிக்கு ஓம் எண்டு சொன்னனீங்களோ இல்லையோ?” என்று கேட்டேன்.

“சொன்னனான் மிஸ். ஏலாதெண்டு சொன்னா வேலை தந்திருப்பியளோ?”

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்கிறவர்களைத்தான் எனக்குக் கையாளத் தெரியும். பொய் சொன்னேன் என்று நேராகச் சொல்கிற ஆளை என்ன செய்வது? சரி, ஏன் ஏலாது என்று கேட்டேன். அவருடைய வீடு கண்டி வீதியிலிருந்து உள்ளே, வயலும் வாய்க்காலுமாக இரண்டு மைல். சிறுபோக நெல் முற்றி நிற்கிற நேரம். இரவு முழுக்க வயலில் நின்று தின்கிற யானைகள் விடியற்காலையில்தான் அந்த ஒழுங்கையைக் கடந்து காட்டுக்குத் திரும்பும். விடிந்து நிலம் வெளித்த பிறகுதான் ஆட்கள் வெளியே காலெடுத்து வைப்பார்கள். வெளித்ததும் புறப்பட்டு, வருகிற பஸ்ஸைப் பிடித்தால் இங்கே வந்து சேர ஆறே முக்கால்.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம்போல இருக்கும். பிறந்தது முதல் நகரத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் தெருவுக்கு வருகிற காட்டு மிருகம் மான்தான். அது வந்து மரக்கறிக் கடைக் குப்பையைத் தின்றுவிட்டுச் சாதுவாகப் போகும். “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே எண்டு சொல்லுவினம். மணி கேட்டா ஒதுங்கி நிண்டிட்டு வாங்கோவன்” என்று மற்றப் பெண்களுக்குக் கேட்கும்படி நக்கலாகச் சொன்னேன்.

“அது கோயில் ஆனை மிஸ்” என்றார் அக்கா. “எங்கட ஆனைக்கு மணி கட்ட இன்னும் ஒருத்தரும் போகேல்ல.”

பெண்கள் சிரித்தார்கள், இந்த முறை என்னைப் பார்த்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எதையோ சொல்லத் தொடங்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, உருளைப் பக்கம் கையைக் காட்டினார். “நீங்கள் எல்லாரும் ஆறு மணிக்கு வந்து, நீராவி வருமட்டும் இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள். நான் தேத்தண்ணிய வீட்டில குடிச்சிட்டு வாறன். வேலைக்கு நானும் நீங்களும் ஒரே நேரத்திலதானே மிஸ் கை வைக்கிறம்?”

இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். உண்மை என்பது எனக்குத் தெரியாமலும் இல்லை. நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் கிண்ணியாவிலிருந்து வருகிறவர். எல்லோரும் அவரைப் பொயிலர் நானா என்போம். அவர் அதிகாலைச் சுபஹ் தொழுகையை முடித்துவிட்டுப் புறப்பட்டு, ஆறு மணிக்கு முன்பின்னாக வந்து அடுப்பைப் பற்றவைப்பார். அவரைத் தவிர வேறு எவரும் அதைத் தொடக் கூடாது. நீராவி அழுத்தம் காட்டுகிற முள் ஏறி, உருளை சூடாக முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அழுக்கு விரிப்புகளைப் பிரித்து அடுக்கும் வேலையைப் பின்னேரத்து ஆட்கள் முதல் நாளே முடித்திருப்பார்கள். ஆக, ஆறு மணிக்கு வந்தவர்கள் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள், ஊர்க் கதை கதைத்தார்கள், சிலர் சுவரில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள். ஏன் ஆறு மணி? கப்பல்களுக்குச் சலவை செய்த காலத்தில், காலையிலேயே கப்பலுக்குப் போகிற படகில் விரிப்புகளை ஏற்ற வேண்டியிருந்ததாம். கரி அடுப்பும் கை அயனுமாக இருந்த காலம். படகும் போய், கரியும் போய், ஆறு மணி மட்டும் பலகையில் அப்படியே இருந்தது. அதை ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்த நாளில், என் மகளுக்கு ஏழு மாதம். வெளியே வேப்ப மரத்துக்குக் கீழே என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆறு மணிக்கு வர ஏலுமோ என்று கேட்டார்கள். ஓம் சேர் என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு எட்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவிர, என் பிள்ளை கண் விழிப்பதை நான் பார்க்கவில்லை. நித்திரையில் கிடக்கிறவளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஐந்தரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போவேன். கணவர் சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அவருக்கு எட்டு மணிக்குப் போனால் போதும். அவர்தான் பிள்ளையை எழுப்பி, உடுப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். நல்ல மனிதர், ஆனால் தலை பின்னத் தெரியாது. ஒரு பின்னல் வடக்கே சல்லி ஊருக்குப் போகும், மற்றது தெற்கே சீனன்குடாவுக்குப் போகும். வகுப்பு ரீச்சர், பிள்ளைக்குத் தாய் இல்லையா என்று கேட்டாராம். அதைக் கேட்ட அன்று குசினிக்குள் நின்று அழுதேன். அழுதுவிட்டு அடுத்த நாள் ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன்.

முகாமையாளரிடம் அக்காவின் கதை போயிற்று. “அவவுக்கு ஒரு நேரம், மற்றாக்களுக்கு ஒரு நேரமோ? நாளைக்கு எல்லாரும் ஆனைக் கதையோட வந்து நிப்பினம்” என்றார். தகுதிகாண் காலம் மூன்று மாதம். அதற்குள் நேரத்துக்கு வரப் பழகாவிட்டால் நிறுத்துங்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்தேன். நான்தான் கொடுத்தேன். இனிப் பிந்தி வந்தால் வைத்தியரிடமோ கிராம சேவகரிடமோ சாட்சிக் கடிதம் கொண்டுவர வேண்டும், அப்படியில்லாவிட்டால் வேலை இல்லை என்று வாயாலும் சொன்னேன். அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, நாலாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். “மகளுக்குச் சோதனைக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு மிஸ்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் ஐந்து ஐம்பதுக்கு அவருடைய தகடு திரும்பியிருந்தது. அதற்கடுத்த நாளும். ஒன்பது நாள் ஒழுங்காக வந்தார். எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டுமா! பார்த்தீர்களா, ஏலாது ஏலாது என்றவர் வருகிறார்தானே, கண்டிப்பாக இருந்தால் எல்லாம் ஏலும் என்று முகாமையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். எப்படி வருகிறார் என்று நான் ஒரு சொல் கேட்கவில்லை.

பத்தாம் நாள் ஆறு மணிக்கு அவர் இல்லை. ஏழு மணிக்கும் இல்லை. ஏழரைக்கு வாசலில் ஏதோ உராய்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அக்கா நின்றார். சேலை இடுப்புக்குக் கீழே முழுதும் சேறு. ஒரு காலில்தான் செருப்பு. பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர், சாரத்தில் சேறு காய்ந்து வெடித்திருக்க, கையில் ஒரு சைக்கிள் சில்லு. அது சில்லாக இல்லை. நடுவில் மிதிபட்டு, அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அக்கா தகட்டைத் திருப்பிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு நேரே உருளைக்குப் போய்விட்டார். அந்த மனிதர்தான் சில்லை என் மேசையில், கோப்புகளுக்கு மேல், மெதுவாக வைத்தார்.

“மிஸ், பிந்தினா சாட்சிக் கடிதம் வேணுமெண்டு சொன்னனீங்களாம். கிராம சேவகர் கந்தோர் ஒம்பது மணிக்குத்தான் திறக்கும். அதுதான் இதைக் கொண்டு வந்தனான்.”

பிறகு கதையைச் சொன்னார். அந்த ஒன்பது நாளும் நாலேமுக்காலுக்கு அக்காவைச் சைக்கிளில் ஏற்றி, ஒரு கையில் ரோர்ச்சும், அக்காவின் கையில் யானை வெடியும் தீப்பெட்டியுமாக, இருட்டில் அந்த இரண்டு மைலையும் மிதித்திருக்கிறார். இன்றைக்கு வாய்க்கால் வளைவில் நெல்லுக்குள்ளிருந்து ஒரு கொம்பன் ஏறி வந்து குறுக்கே நின்றுவிட்டது. தீப்பெட்டி நனைந்திருந்தது. இரண்டு பேரும் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்து, இடுப்பளவு தண்ணீரில் வெளிக்கும்வரை இருந்திருக்கிறார்கள். யானை சைக்கிளை மிதித்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது. “இவ பிந்தினதுக்கு நான்தான் காரணம் மிஸ். தீப்பெட்டியக் காயவைக்க மறந்திட்டன். இவவ நிப்பாட்டிப் போடாதேங்கோ” என்றார்.

எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன. தேநீர் குடிக்கிற முக்கால் மணித்தியாலம். அதற்காக ஒரு மனுசியை ஒன்பது நாள் யானைக்கு முன்னால் அனுப்பியிருக்கிறேன். அனுப்பிவிட்டுப் பெருமையும் அடித்திருக்கிறேன். அந்த மனிதரைக் கதிரையில் இருத்தி, ஒரு பிளேன்ரீ கொடுக்கச் சொல்லிவிட்டு, சில்லைத் தூக்கிக்கொண்டு முகாமையாளரின் அறைக்குப் போனேன். அவர் எட்டு மணிக்குத்தான் வருவார். வரும்வரை வாசலில் நின்றேன்.

“இதென்ன, தரையெல்லாம் சேறு” என்றார்.

“சாட்சிக் கடிதம் சேர்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் அசைவு தெரிந்தது, ஆனாலும் சட்டம் சட்டம் என்று இழுத்தார். அப்போது என் வாய் தன் நீளத்தைக் காட்டியது. “சேர், நீங்கள் ஒரேயொரு நாள் ஆறு மணிக்கு வந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் அவவ நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறன். அவவோட சேத்து நானும் போறன்” என்றேன். கடைசி வசனம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

மனிதர் வந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த நாள் ஆறு மணிக்கு, தலை ஈரம் காயாமல் வந்து, உருளைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பெண்கள் பன்னிரண்டு பேரும் செய்வதறியாமல் வரிசையாக நின்றார்கள். நீராவி இல்லாமல் நின்று என்ன செய்வது? பத்து நிமிடத்தில் ஒருத்தி தேநீர் ஊற்றினாள். அவருக்கும் ஒன்று கொடுத்தாள். குடித்தார். ஆறரைக்கு மணிக்கூட்டைப் பார்த்தார். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று பொயிலர் நானாவைக் கேட்டார்.

“நான் என்ன செய்யிற சேர், முள்ளு ஏறினாத்தானே” என்றார் நானா. “பதினேழு வருசமா இப்படித்தான் இரிக்கி. ஒருத்தரும் கேக்கல்ல, நானும் செல்லல்ல.”

ஆறு நாற்பத்திரண்டுக்கு முள் ஏறியது. மூன்று நிமிடம் கழித்து அக்கா வந்து தகட்டைத் திருப்பினார். முதல் விரிப்பு உருளைக்குள் போகும்போது அதன் ஒரு மூலை அவர் கையில் இருந்தது. முகாமையாளர் எழும்பி, “ஒரு மாதம் பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய வாயில் ‘பாப்பம்’ என்றால் ஓம் என்று அர்த்தம்.

ஆறே முக்காலுக்குப் பலகையில் பத்தி இல்லை. புதிதாக ஒரு பித்தளைக் கொக்கி வேண்டுமென்று களஞ்சியத்துக்கு எழுதினால் மாதம் ஒன்றாகும். பொயிலர் நானா கொதிகலனுக்குப் பின்னால் நான் போட்டுவைத்த அந்தச் சில்லிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றி, குறட்டால் வளைத்து, இரண்டு பத்திகளுக்கும் நடுவில் பூட்டிவிட்டார். அக்காவின் தகடு அங்கே ஏறியது. முகாமையாளர் பயந்ததும் நடந்தது. எல்லோரும் யானைக் கதையோடு வந்தார்கள். ஆனால் அவை உண்மையான யானைகள். ஒருத்திக்குக் குழாயில் தண்ணீர் வருவதே ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில்தான். சல்லியிலிருந்து வருகிறவளுக்குக் கணவனின் தோணி கரைக்கு வந்து மீன் இறக்கிய பிறகுதான் வீட்டை விட்டு அசையலாம். இன்னொருத்தியின் தாய் படுக்கையில். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்தவர்கள், ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. ஒவ்வொரு தகடாக அந்தச் சைக்கிள் கம்பிக்கு மாறியது. இரண்டு மாதத்தில் பாரம் தாங்காமல் கம்பி வளையத் தொடங்க, ‘காலை 6’ என்பதை அழித்து ‘காலை 6.45’ என்று எழுதினோம். தகடுகள் பித்தளைக்குத் திரும்பின. அக்கா மட்டும், “எனக்கு இஞ்சதான் நல்லம்” என்று கம்பியை விட்டு நகரவில்லை. லொறி பத்து மணிக்கு வந்தது, பத்து மணிக்குப் போனது.

எல்லோருடைய நேரமும் மாறிய பிறகு, கடைசியாக நானும் ஆறே முக்காலுக்கு மாறினேன். அடுத்த நாள் காலையில் ஐந்தரைக்கு, பழக்கத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு ஞாயிறோ அம்மா?” என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். அவளை இருத்தி, எண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, இரண்டு பின்னல் பின்னி, வெள்ளை ரிபன் கட்டிவிட்டேன். இரண்டும் ஒரே அளவில், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கின. அவள் கண்ணாடிக்கு முன்னால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிப் பார்த்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தக் காலையை எனக்குத் தந்தது என் கண்டிப்புமில்லை, கெட்டித்தனமுமில்லை. நான் நக்கலடித்த ஒரு மனுசி தந்தது.

அக்கா ஒன்பது வருடம் எங்களோடு இருந்தார். தேவதை என்று நினைத்துவிட வேண்டாம். கோயில் திருவிழாவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் வேலைக்கு வராமல் நிற்பார். தை மாசியில் விடியப் பிந்துகிற நாட்களில் அவருக்கு ஏழு மணியாகும், நான் கண்ணை மூடிக்கொள்வேன். முன்னிருந்த மாதிரி நேர்முகத் தேர்வில் ஆறு மணிக்கு வர ஏலுமோ, ஏழு மணிக்கு வர ஏலுமோ என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். “எந்த பஸ்ஸில வருவியள்? அதுக்கு முன்னம் வீட்டில என்னென்ன வேலை?” என்று கேட்பேன். ஓம் என்று சொல்லி இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. உட்கார்ந்து கதைக்கத்தான் வேண்டும். அப்படியும் ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள். அக்காவின் கதையை எங்கோ கேட்டுவிட்டு, நகரத்துக்குள்ளேயே உவர்மலையில் நடுத் தெருவில் இருக்கிற ஒரு தம்பி, வீட்டு வாசலில் யானை நின்றது என்று பிந்தி வந்தார். மான் என்று சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பேன். முழங்கால் வலி வந்து அக்கா வேலையை விட்டுப் போனபோது, அவருடைய மகள் தம்பலகாமத்திலேயே பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தாள். நாங்கள் கேக் வெட்டினோம், சேலை கொடுத்தோம். மற்றவர்களுக்கு முன்னால் நான் மிஸ்ஸாகவே நின்று, உங்கள் சேவைக்கு நன்றி என்று கடிதத்தில் இருந்ததை வாசித்தேன். என் பிள்ளையின் பின்னலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

போன மாதம் மெசின் பூட்ட வந்தவர், பலகையைக் கழற்றி முடித்ததும், வேலை தொடங்கும் நேரம் என்ன என்று கேட்டார். ஆறே முக்கால் என்றேன். “அதென்ன கணக்கு மிஸ்? எல்லா இடத்திலயும் ஆறு, ஆறரை, ஏழு எண்டுதான் போடுறவை” என்றார். “அது தம்பலகாமத்து பஸ் வாற நேரம்” என்றேன். அவர் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு அப்படியே போட்டார். அவர் போனதும் கம்பிக் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். உங்கட நேரத்த மெசினுக்குள்ளயும் போட்டாச்சு என்றேன். “அப்ப ஆனைக்கும் ஒருக்காச் சொல்லிவிடுறன் மிஸ்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் துணிவைத் தந்திருக்க வேண்டும். பதினாலு வருடமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். எட்டு வருடம் நித்திரையில் விட்டுப்போன பிள்ளையை, சல்லிக்கும் சீனன்குடாவுக்கும் போன பின்னலை, ரீச்சர் கேட்ட கேள்வியை, அந்த வியாழக்கிழமையை. உங்களால்தான் அக்கா என்றேன்.

“அப்ப மிஸ், உங்களுக்கும் ஏலாமத்தானே இருந்திருக்கு” என்றார். “எட்டு வருசமா ஏன் ஒருக்காலும் வாயத் திறக்கேல்ல?”

கொக்கியின் முனையைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

“வேலை போயிருமெண்டு பயந்திட்டன் அக்கா” என்றேன் கடைசியில்.

“நானும் பயந்து பயந்துதானே மிஸ் சொன்னனான்” என்றார்.

கொக்கி இப்போது எங்கள் குசினிச் சுவரில் இருக்கிறது. மகள் வேலையால் வீட்டுக்கு வந்ததும் கைப்பையை அதில்தான் மாட்டுகிறாள்.